மூன்றாவது புளியங்கொட்டை

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் மிருதுளா பாயசத்தில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறாள், அமிர்தம் என்று கண்ணை மூடிக்கொள்கிறாள், அதோடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அமிர்தம் என்றால் எப்படி? வெல்லப்பாகு முன்னால் நின்றதா, ஏலக்காய் மூக்கு வரைக்கும் ஏறியதா, தேங்காய்ப்பால் கடைசியில் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியதா, ஒன்றும் சொல்லமாட்டாள் இந்தப் புஸ்தகத்தை எழுதினவள். அதைவிடக் கொடுமை, கதையில் அன்றைக்குக் கதாநாயகனின் அப்பாவுக்குத் திதி. திதிச் சமையலில் ருசி பார்க்கிறாள் மகராசி. படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, அது கொத்தின பிறகுதான் உயிரோடு இருக்கிறவர்கள் வாயில் படவேண்டும் என்பது எழுதினவளுக்கும் தெரியவில்லை, அச்சுப் போட்டவனுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும், என் அடுப்பில் இப்போது வேகிறதும் அதே மாதிரிச் சமையல்தான். இன்றைக்கு ஆடி அமாவாசை. என் வீட்டுக்காரர் தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் குறுக்குத்துறை ஆற்றுக்குப் போயிருக்கிறார், கூட்டத்தில் நின்று முங்கி எழுந்து வருவதற்குப் பன்னிரண்டரை ஆகிவிடும். குக்கர் ஒரு விசில் கொடுத்துவிட்டது. இன்னும் இரண்டு. அதுவரைக்கும் அடுக்களை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இந்தப் பாழாய்ப்போன 'நெய் மணக்கும் நெஞ்சம்'. அட்டையில் ஒரு பெண் கையில் கரண்டியோடு சாய்ந்து நிற்கிறாள், பின்னால் ஒருத்தன் தாடியோடு அவள் கழுத்தை மோந்துகொண்டிருக்கிறான். ஐம்பது வயதில் இதை வாங்கினேன் என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ஜங்ஷன் பஸ் நிலையத்துக் கடையில் எடுத்துப் பிரித்தபோது அத்தியாயத் தலைப்புகள் எல்லாம் சாப்பாடாக இருந்தன, புளியோதரை, மோர்க்குழம்பு, அதிரசம். அதற்காகத்தான் வாங்கினேன். காதலுக்காக இல்லை.

படித்தால் வருமோ என்று ஒரு நப்பாசை. ஒன்றே முக்கால் வருஷமாக என் நாக்கு ஈரத்துணி. அந்தக் காய்ச்சலில் நானும் அவரும் ஒரே அறையில் பத்து நாள் கிடந்தோம், தெருவுக்கே தட்டி கட்டியிருந்தார்கள், அவர் அக்கா செண்பக மதினிதான் கஞ்சி வைத்துக் கேட்டுக்கு வெளியே தூக்குவாளியில் வைத்துவிட்டுப் போவாள். எட்டாம் நாள் கஞ்சியைக் குடித்தபோது வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது, ஊறுகாயைத் தொட்டேன், வழவழவென்று இருந்தது, அவ்வளவுதான். எல்லாருக்கும் வருகிறதுதான், பதினைந்து நாளில் திரும்பிவிடும் என்றார்கள் டிவியில். பதினைந்து நாள் காத்திருந்தேன், பிறகு பொங்கல் வரைக்கும், பிறகு சித்திரை வரைக்கும். ஒவ்வொரு நாளும் காலையில் காப்பிப்பொடி டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டுப் பார்ப்பேன். மண்ணை மோந்தாலும் அதே. மிளகாய் மட்டும் எரியும், எரிகிறது என்று தெரியுமே தவிர அது மிளகாய் என்று தெரியாது. உப்பும் தெரியாது, கசப்பும் தெரியாது. கேஸ் கசிந்தால் தெரியாது, அதற்காக ராத்திரி படுக்கும் முன்னால் இரண்டு தடவை எழுந்து வந்து குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன். பால் பொங்கிக் கருகினால் தெரியாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. புனேயில் இருக்கிற மகனிடமும் சொல்லவில்லை, மதினியிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. முதலில் வந்துவிடும் என்று சொல்லாமல் இருந்தேன். பிறகு வெட்கம். ஆவுடை கைப்பக்குவம் என்றுதான் இந்த வீட்டில் எனக்குப் பெயர், வேறு என்ன பெயர் இருக்கிறது எனக்கு? அப்புறம் அப்புறம், வெட்கமும் போய், அவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது இன்னும் எழுந்து போகவில்லை.

இரண்டாவது விசில். புஸ்தகத்தில் இப்போது அந்தத் தாடிக்காரன் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். பெரிய ஓட்டல் முதலாளி, அம்மா செத்ததிலிருந்து வீட்டுச் சாப்பாட்டைத் தொடாதவன், முரடன், ஆனால் கண் மட்டும் ஈரமாம். மிருதுளா அவன் வீட்டுச் சமையல்காரி. குழம்பு வைக்கிறாள் பாருங்கள், புளியைக் கரைத்து ஊற்றி அதிலேயே பருப்பைப் போடுகிறாள், அது ஐந்து நிமிஷத்தில் மலர்ந்து வெந்துவிடுகிறதாம். புளியில் போட்ட பருப்பு விடிய விடியக் கிடந்தாலும் கல்லாட்டம் நிற்கும். இவன் ஒரு வாய் எடுத்து வைக்கிறான், நிமிர்ந்து பார்க்கிறான், "சமைக்கும்போது அழுதாயா?" என்கிறான். எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்க, "உப்பு ஒரு துளி கூடியிருக்கிறது" என்கிறான். எனக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கவேண்டும். ஒரு சட்டிக் குழம்பில் உப்புக் கூடவேண்டும் என்றால் எத்தனை படி கண்ணீர் விடவேண்டும், அவள் அழுதாளா குளித்தாளா. ஆனால் சிரிப்பு வரவில்லை. அந்த வரியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மட்டமான வரி, பொய்யான வரி, ஆனாலும் என்னை உட்காரவைத்துவிட்டது. ஒரு வாயில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இங்கே இருபத்தேழு வருஷம் என் கையால் சாப்பிட்டவருக்கு ஒன்றே முக்கால் வருஷமாக ஒன்றும் தெரியவில்லை.

அவர் அப்படிப்பட்டவர் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கல்யாணமான மூன்றாம் நாள், புதுப்பெண் என்றும் பாராமல், "பெருங்காயம் ஒரு பொட்டு கூடிப் போச்சு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்தவர் சங்கரலிங்கம் பிள்ளை. தெருமுனையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போதே, "ஆவுடை, பருப்பு அடிப்பிடிக்கு" என்று குரல் வரும். காப்பியில் டிகாஷன் இரண்டாம் இறக்கம் என்றால் டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவார். எத்தனை சண்டை! மோர்க்குழம்புக்கு அரைக்கிற சீரகத்துக்காக நான் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். மூக்கும் நாக்கும் வைத்துக்கொண்டு மனுஷியை வதைக்கிறார் என்று அழுதிருக்கிறேன். அந்த மனிதர் காய்ச்சலுக்குப் பிறகு மாறிப்போனார். என்ன போட்டாலும், "நல்லா இருக்கு". அதையும் நேராகச் சொல்வதில்லை, முதலில் என்னைக் கேட்பார், "நீ சாப்பிட்டியா, எப்படி இருக்கு?" என்பார். நான், "நல்லாத்தான் இருக்கு" என்பேன். "ஆமா, நல்லா இருக்கு" என்பார். ஆபீஸில் பியூன் கொண்டுவந்து வைக்கிற தாளில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. மோர்மிளகாய் மட்டும் நாலு ஐந்து எடுத்துக் கடித்துக்கொள்வார், வியர்த்துக்கொண்டு. போன கார்த்திகையில் ஒருநாள் தோசை கருகிப் புகை வந்து அடுக்களை முழுக்கக் கறுத்துவிட்டது, நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், அவர் அடுப்புக்கு நாலடி தள்ளிக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் கொடுக்கவில்லை. புகையைக் கண்ணால் பார்த்து நான்தான் ஓடிவந்தேன். வந்து பார்த்தால் அவர் பேப்பரை மடித்துவிட்டு என்னைப் பார்க்கிறார், அப்போதுதான் புகையைப் பார்க்கிற மாதிரி. அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன், இந்த மனிதருக்கு நான் அலுத்துவிட்டேன் என்று. சண்டை போடுவதற்குக்கூட நான் பெறமாட்டேன் என்று. அதற்குப் பிறகு எனக்கு அவர் மேல் கோபம்கூட மரத்துப்போயிற்று, நாக்கைப் போலவே. பேசுகிறோம், கரண்ட் பில், கொசுவலை, மகனுக்குப் பெண் பார்க்கிறது, எல்லாம் பேசுகிறோம்.

மூன்றாவது விசில். அடுப்பை அணைத்துக் குமிழைத் தொட்டுப் பார்த்தேன். பருப்பு இறங்குவதற்குள் புளிக்கரைசலில் காய் வெந்துவிடும், சாம்பார் கூடிவிடும், அவியல் ஆகிவிட்டது, வாழைக்காய் ஆகிவிட்டது, பாயசம் ஆகிவிட்டது. உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், அமாவாசைச் சமையல்தான் எனக்கு இப்போதெல்லாம் பிடிக்கிறது. மற்ற நாளில் சமைத்துக்கொண்டிருக்கும்போது பழக்கத்தில் கரண்டி வாய்க்குப் போய்விடும், போனதும் ஒன்றும் இல்லாமல் திரும்பிவரும். இன்றைக்கு உலகத்தில் எவளும் ருசி பார்க்கமாட்டாள். எல்லாரும் கை அளவில்தான் உப்புப் போடுவார்கள், கடவுளே என்று இறக்கி வைப்பார்கள். இன்றைக்கு ஒருநாள் எனக்கும் மற்றவளுக்கும் வித்தியாசம் இல்லை. எனக்குக் கை அளவு இன்னும் இருக்கிறது, ஆனால் போட்டேனா போடவில்லையா என்கிற ஞாபகம்தான் சொதப்புகிறது, அதற்காகப் புளியங்கொட்டை. உப்புப் போடவேண்டிய பண்டம் எத்தனையோ அத்தனை கொட்டையை உப்பு வைக்கிற மரவைக்கு இடதுபக்கம் வைத்துவிடுவேன். ஒன்றில் உப்புப் போட்டதும் ஒரு கொட்டையை வலதுபக்கம் தள்ளிவிடுவேன். எல்லாம் வலதுபக்கம் வந்துவிட்டால் சமையல் முடிந்தது என்று அர்த்தம். ஒன்றே முக்கால் வருஷத்தில் ஒருநாளும் தப்பியதில்லை. இன்றைக்கு மூன்று கொட்டை, அவியலுக்கு ஒன்று, வாழைக்காய்க்கு ஒன்று, சாம்பாருக்கு ஒன்று.

வலதுபக்கம் இரண்டு இருக்கிறது. இடதுபக்கம் ஒன்றும் இல்லை. கீழே விழுந்ததா என்று குனிந்து தேடினேன், அடுப்புக்குப் பின்னால் கையை விட்டேன், மரவையைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு புஸ்தகம் ஞாபகம் வந்தது. கொழுக்கென்று நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது மூன்றாவது கொட்டை. வாழைக்காயைப் புரட்டிவிட எழுந்தபோது, பக்கம் போய்விடக்கூடாது என்று கைக்கு அகப்பட்டதை எடுத்து வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தேன்? உப்புப் போட்டுவிட்டு வலதுபக்கம் தள்ளினதை எடுத்தேனா, போடாமல் இடதுபக்கம் கிடந்ததை எடுத்தேனா? மிருதுளா நக்கினது ஞாபகம் இருக்கிறது, அவள் கட்டியிருந்த மாம்பழ நிறச் சேலை ஞாபகம் இருக்கிறது, என் கை உப்பில் போனதா என்பது மட்டும் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. விரலைத் தேய்த்துப் பார்த்தேன், சொரசொரப்பு இல்லை, நடுவில் இரண்டு தடவை கை கழுவியிருக்கிறேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு உப்புண்டா இல்லையா என்று அதற்குத்தான் தெரியும். அடுத்த வீட்டுப் பார்வதியைக் கூப்பிட்டு ஒரு சொட்டு நாக்கில் விடச் சொல்லலாம், மற்ற நாளாக இருந்தால், தலைவலி வாய் கசக்கிறது என்று ஏதாவது சொல்லி. இன்றைக்கு முடியாது, மாமனாருக்குப் படைக்கிற சோற்றில் அடுத்த வீட்டுக்காரி எச்சில் படமுடியாது. போட்டேன் என்று வைத்துக்கொண்டு விட்டுவிட்டால் சப்பென்று போகும். போடவில்லை என்று வைத்துக்கொண்டு இன்னொரு தடவை போட்டால் கடலாகிவிடும். உப்பை அள்ளினேன். கை சட்டிக்கு மேலே நின்றது. அந்தத் தாடிக்காரன் ஞாபகம் வந்தான், சனியன். உப்பை மரவையிலேயே திரும்பப் போட்டேன். சாம்பாரில் போடவில்லை, போடமாட்டேன். உப்பு இருந்தால் இருக்கட்டும். இல்லாவிட்டால் அவர் சொல்லட்டும். "உப்பு இல்லை" என்று ஒரு வார்த்தை, பழைய மாதிரி துண்டை உதறிக்கொண்டு சொன்னால் போதும், நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், நாக்கு, மூக்கு, கொட்டை, எல்லாம். சொல்லாமல், "நல்லா இருக்கு" என்றால், சரி. அதோடு இந்த மனிதருக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்கிறேன். ஒரு வீட்டில் இருப்போம், கரண்ட் பில் கட்டுவோம்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஈர வேட்டியோடு வந்தார். விபூதி கலைந்திருந்தது. "ஆத்துல கால் வைக்க எடம் இல்ல" என்றார். "அக்கா வந்துட்டாளா?" என்றார். மதினி போன் பண்ணியிருந்தாள், வண்ணார்பேட்டை தாண்டிவிட்டேன், பஸ் நிற்கிறது, எனக்காகக் காத்திருக்கவேண்டாம், விரதத்தோடு இருக்கிறவனை முதலில் உட்காரச் சொல் என்று. அதை அவரிடம் சொன்னேன். படத்துக்கு முன்னால் இலை போட்டோம். மாமனார் கறுப்புச் சட்டத்துக்குள் இருந்து பார்த்தார், அவரும் நாக்கு நீளமானவர்தான், உயிரோடு இருந்திருந்தால் ஒரு வாயில் சொல்லியிருப்பார். காக்காய்க்கு மொட்டைமாடியில் வைத்தோம். அது வந்தது, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, சாம்பார் சோற்றில் இரண்டு கொத்துக் கொத்திவிட்டுப் பாயசத்துக்குப் போயிற்று. உப்பு இல்லை என்று போயிற்றா, இனிப்பு என்று போயிற்றா. காக்காயிடம் போய்க் கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன்.

அவருக்கு இலை போட்டேன். முறைப்படி முதலில் இலை ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தேன். பிறகு அவியல், வாழைக்காய், சோறு, நெய், சாம்பார். உட்காராமல் நின்றேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தை இல்லை, விரலை. உப்புக் குறைந்தால் அவர் விரல் தானாக அந்த ஓரத்துக்குப் போகும், இருபத்தேழு வருஷத்தில் எத்தனை தடவை போயிருக்கிறது, போய்விட்டு வந்த விரலோடு ஒரு பார்வையும் வரும். பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றார். இரண்டாம் வாய். மோர்மிளகாயைக் கடித்தார். மூன்றாம் வாய். விரல் போகவில்லை. உப்பு வைத்த இடத்திலேயே வெள்ளையாக இருக்கிறது. அப்படியானால் சாம்பாருக்கு உப்புப் போட்டிருக்கிறேன், கொட்டையை வலதுபக்கத்திலிருந்துதான் எடுத்திருக்கிறேன். நிம்மதியாக இருக்கவேண்டும். இல்லை. "நீயும் உக்காரு, மணி ஆகுது" என்றார். பக்கத்தில் இன்னோர் இலையைப் போட்டு உட்கார்ந்தேன், ஓரத்தில் எனக்கும் ஒரு சிட்டிகை உப்பு, கை தானாக வைத்தது. சாப்பிட்டேன், வெந்த பஞ்சு, சூடு இருந்தது, ஈரம் இருந்தது. "எப்படி இருக்கு?" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். "ஆமா, நல்லா இருக்கு" என்றார். பாயசத்தைப் பரிமாறினேன். முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன், அழுகை வருமோ என்று பார்த்தேன், வரவில்லை, எங்கேயோ வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது.

அப்போதுதான் மதினி வந்தாள், செருப்பைக் கழற்றும்போதே பஸ்காரனைத் திட்டிக்கொண்டு. கால் கழுவிவிட்டு, அப்பா படத்தைக் கும்பிட்டுவிட்டு, எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். பரிமாறினேன். பேசிக்கொண்டே பிசைந்து ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய் வைத்துச் சரிபார்த்துக்கொண்டாள். "என்னட்டி ஆவுடை, சாம்பாருக்கு உப்பே போடலையா? சப்புனு கெடக்கு, ஒரு கல்லுகூட இல்ல" என்றாள். அவள் என் இலையைப் பார்த்தாள், சாம்பார் சோறு முடிந்திருந்தது. தம்பி இலையைப் பார்த்தாள், அதுவும் முடிந்து பாயசத்தில் நின்றது. "ஏலே சங்கரா, ஒனக்குமா தெரியல? வழிச்சு நக்கிட்டுப் பாயசத்துக்கு வந்திருக்க! சீரகம் ஒண்ணு கூடுனா எலைய மடக்குற பய, உப்பு இல்லாத சாம்பார எப்படில முழுங்கின?"

அவர் கை இலையில் அப்படியே நின்றது. தலையை நிமிர்த்தவில்லை. காது மடல் சிவந்து போயிற்று, திருட்டுத்தனமாகப் பீடி குடித்துப் பிடிபட்டவனைப் போல. கார்த்திகையில் தோசை கருகின அன்றைக்கு என்னைப் பார்த்த அதே பார்வையோடு இப்போது இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு நாளும் என்னை முதலில் கேட்டது, நான் சொன்னதையே திரும்பச் சொன்னது, மோர்மிளகாய், புகை, எல்லாம் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன. பத்து நாள் ஒரே அறை. ஒரே காய்ச்சல். எனக்குத் தோன்றவே இல்லையே. "உங்களுக்குமா?" என்றேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். நான் "உங்களுக்கா" என்று கேட்கவில்லை, "உங்களுக்குமா" என்று கேட்டேன் என்பது அவருக்குள் போய்ச் சேர ஒரு நிமிஷம் ஆயிற்று. "நீ பாவம், ஆசை ஆசையாச் சமைக்க" என்றார் மெதுவாக. "ருசி தெரியலன்னு சொன்னா ஒனக்கு ஆசையே விட்டுப்போயிரும்னு…" மதினி, "என்னட்டி இது, ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் தன் இலை ஓரத்து உப்பை இரண்டு விரலால் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் என் இலை ஓரத்து உப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். கரைந்தது. மணல் கரைகிற மாதிரி. "ஏதாவது தெரியுதா?" என்றார். "இல்ல" என்றேன். "எனக்கும் இல்ல" என்றார். ஒன்றே முக்கால் வருஷமாக அவர் மேல் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மதினி தன் இலைக்கு உப்புக் கேட்டாள். எழுந்து போய் மரவையை எடுத்து வந்தேன்.